நாய் உள்ள வீட்டுக்கு ஏற்ற மாப்பு

வா கண்ணு, கிட்ட வந்து உட்கார். மாப்பு வாங்கக் கடைக்குப் போகிறவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று மாடியிலிருந்து இறங்கி வந்தாயே, அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது. கடைக்காரன் எதை எடுத்து நீட்டுகிறானோ அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் இன்றைக்கு அதிகம். உனக்கு மாப்பைப் பற்றியும் சொல்கிறேன், ஒரு கதையும் சொல்கிறேன். தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கதையைக் கேட்டு முடிக்கும்போது எதை வாங்குவது என்று உனக்கே தெரிந்துவிடும்.

நாய்க்குட்டியை மடியிலேயே வைத்துக்கொள், பரவாயில்லை. எங்கள் நாய் டீசலைப் பார்த்துப் பயப்படுகிறதா? அது ஒன்றும் செய்யாது. அதோ வாசற்படிக்கு வெளியே படுத்திருக்கிறது பார். உள்ளே வராது. ஏன் வராது என்பதும் கதையில் வரும்.

நாய் இருக்கிற வீட்டில் நம்மைப் படுத்தி எடுப்பது மயிர். அதன் மேல் தண்ணீர் பட்டுவிட்டால் தரையோடு ஒட்டிக்கொண்டு, மாப்பு போகிற பக்கமெல்லாம் கோடு கோடாக இழுபடும். அதனால் காய்ந்த தரையிலேயே மயிரை எடுத்துவிட வேண்டும். ரப்பர் பட்டை வைத்த வைப்பர் இருந்தால் நல்லது. இழுத்தால் மயிரெல்லாம் உருண்டு உருண்டு ஒரு மூலைக்கு வந்து சேரும். அதற்கு அப்புறம்தான் ஈரம். துணிக்குப் போடுகிற வாசனைத் தண்ணீர் இருக்கிறதே, அதில் ஒரு மூடி வாளியில் கலந்தால் மிச்ச மயிரும் தரையை விட்டு வந்துவிடும். ஒரு மூடிதான். கூடப் போனால் தரை எண்ணெய் தடவினது மாதிரி ஆகிவிடும்.

சந்தையில் தொங்குகிற நூல் மாப்பை வாங்காதே. பார்ப்பதற்குப் பொசுபொசுவென்று நன்றாக இருக்கும். தண்ணீரை ஆடுமாடு மாதிரி குடிக்கும், குடித்ததையெல்லாம் தரையிலேயே விடும். நாய் மயிர் அதன் நூலுக்குள் போய்விட்டால் வெளியே வராது, நாற்றம் எடுக்கும். வாளியோடு வருகிற, மிதித்தால் சுற்றிப் பிழிகிற மாப்பு பரவாயில்லை. எல்லாவற்றிலும் நல்லது தட்டை மாப்பு. துணி மெல்லியது, கழற்றித் துவைக்கலாம், தரையில் மூச்சுப் பட்ட அளவுக்குத்தான் ஈரம் விடும். ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை கண்ணு. அதை மனதில் வைத்துக்கொள்.

நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தவள். தலை கறுப்பாக இருந்தபோது போய்ச் சேர்ந்தேன், வெளுத்த பிறகு வெளியே வந்தேன். அங்கே குருமூர்த்தி என்று ஒரு சூப்பர்வைசர். சேர்ந்த அன்றைக்கே சொன்னார்: "கெம்பம்மா, மொதல்ல போர்டு, அப்பறம்தான் மாப்பு. போர்டு வெக்காம நீ தங்கமாத் தொடச்சாலும் அது தொடச்ச கணக்குல வராது." மஞ்சள் நிறத்தில், கூடாரம் மாதிரி விரித்து நிறுத்துகிற பலகை. பெரிய கடைகளில் பார்த்திருப்பாய். ஒரு ஆள் கால் மேலே போக, கை விரிய, வழுக்கி விழுகிற படம் அதில் இருக்கும். எழுத்துத் தெரியாதவளுக்கும் அது புரியும்.

கம்பெனியில் யாராவது வழுக்கி விழுந்தால், ஓடி வருகிற ஆபீசர் அடி பட்டதா என்று முதலில் கேட்க மாட்டார். "போர்டு இருந்துச்சா?" என்றுதான் கேட்பார். இருந்தது என்றால் விழுந்தவன் குற்றம், இல்லை என்றால் துடைத்தவள் குற்றம். சென்றாயன் என்று லோடிங்கில் ஒருவன், நான் துடைத்த இடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். பலகை நின்றிருந்தது. கழுத்தில் கட்டுத் தொங்க அவன்தான் ஆபீசரிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம் வந்து, "பாக்காம வந்துட்டேன்க்கா" என்றான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் பலகையின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. வேலையை விட்டு நிற்கும்போது, கீல் உடைந்த பழைய பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் அந்த மூலையில் நிற்கிறது.

வேலையை விட்டதும் எங்கள் ஊரான பேரிகையில் என் தம்பி வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்கிறேன். மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கட்டில். என் தம்பி மனைவி நல்லவள்தான். காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு எங்கியாச்சும் போறீங்களா அண்ணி?" என்று கேட்பாள். தினமும் கேட்பாள். எனக்குப் போக இடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குள் என் மகள் ரஞ்சிதா கல்யாணம் முடிந்தது. ஒரே கம்பெனியில் வேலை செய்த பையன், மோகன்குமார், திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொண்டார்கள். ஜூஜுவாடியில் இந்த வீட்டை எடுத்ததும் மாப்பிள்ளையே வந்து, "அத்தை, நாங்க ரெண்டு பேரும் டூட்டிக்குப் போயிருவோம். நீங்க வந்து வீட்டப் பாத்துக்குங்க" என்று கூட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் வைத்த தனி அறை. வீட்டுச் சாவி என் இடுப்பில். மகள் வீட்டில் இப்படி ஒரு வாழ்வு எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்.

அப்போது இந்த ஹால் இப்படி இல்லை. வீட்டுக்காரர் கிருஷ்ணகிரியில் கிரானைட் வியாபாரம் பண்ணினவர் இல்லையா, வீடு முழுக்கக் கறுப்புக் கிரானைட், கண்ணாடி மாதிரி பாலிஷ். மாடியில் உங்களுக்கு இன்னும் அதுதானே? நல்ல கல். ஆனால் ஒரு மயிர் விழுந்தாலும் தெரியும், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் தெரியாது.

டீசலை மாப்பிள்ளைதான் கொண்டுவந்தார். பார்டர் பக்கத்தில் நின்ற ஒரு லாரிக்கு அடியில், உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெயோடு கிடந்ததாம். அதனால் அந்தப் பெயர். குளிப்பாட்டிப் பார்த்தால் பொன்னிறம், சடை சடையாக மயிர். எங்கள் வீட்டில் பலகை நின்றால் யாரும் ஹாலில் கால் வைக்கக் கூடாது. நாயும் அதைப் படித்துக்கொண்டது. பலகையைப் பார்த்தால் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சம்பந்தியம்மா வந்தார்.

நாகம்மாள். மாப்பிள்ளையின் அம்மா. கணவர் தவறிய பிறகு ஊரில் தனியாக இருந்தார். சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. முள் குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அதனால் டாக்டர் சொன்ன மெத்துமெத்தென்ற ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடப்பார். வந்த அன்றைக்கு இந்த ஹாலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யம்மாடி, தரையா இது, கண்ணாடியால்லா இருக்கு. ஏன் மதினி, இதுல நடக்கவா, இல்ல குனிஞ்சு பவுடர் போடவா?"

அவர் ஊரில் சம்பந்தியை மதினி என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் அவரைச் சம்பந்தியம்மா என்றே கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொன்னேன். நம்மைப் போல வெறுங்காலில் நடந்தால் ஈரம் காலுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது இல்லையா.

"மஞ்ச போர்டு நின்னா வராதீங்க சம்பந்தியம்மா. போர்டு இல்லன்னா தாராளமா நடங்க. என்ன நம்பி நடங்க."

"அப்போ இனிமே ஒங்க பலகதான் மதினி எனக்குக் காலு" என்று சிரித்தார்.

நல்ல மனதோடுதான் சொன்னேன் கண்ணு. அந்த நேரத்தில் என் மனதில் ஒன்றும் இல்லை.

அவர் வாய் சும்மா இருக்காது. "சோத்துல மயிரு, சேலையில மயிரு. இந்த நாயச் செரைச்சா ஒரு மெத்த தைக்கலாம் மதினி" என்பார். நான் நாயிடம் ஒரு நேரம் கன்னடத்தில் பேசுவேன், ஒரு நேரம் தெலுங்கில் பேசுவேன். "பாதி கன்னடம், பாதி தெலுங்கு, மிச்சம்தான் தமிழு. ஒங்க வீட்டுலயே அதிகம் படிச்சது இந்த நாய்தான். போர்டு வேற வாசிக்கு" என்பார். ரஞ்சிதா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்தேன். மாலையில் மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் என் அறைக்குக் கேட்கும். என்னையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுப் போவது வேறு, அங்கேயே இருப்பது வேறு.

அவர் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த வித்தியாசத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளை கதவுப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தார். சாவி என் இடுப்பிலிருந்து அந்த ஆணிக்குப் போனது. அவ்வளவுதான். அப்புறம் நாயும் போனது. சம்பந்தியம்மா கருவாட்டுத் தலையை ஊதி ஆறவைத்துப் போடுவார். என் கட்டிலுக்கடியில் படுக்கிற நாய், அவருடைய ரப்பர் செருப்பின் மேல் தலை வைத்துப் படுக்க ஆரம்பித்தது. நான் கன்னடத்தில் "பா" என்று கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டும். அவர் "ஏல" என்றால் எழுந்து ஓடும்.

எனக்குக் கோபம் இல்லை. நாய்க்கு என்ன தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை கேட்டார்: "அத்தை, பேரிகைல உங்க தம்பி வீட்டு ரூம் சும்மாத்தான கெடக்கு?"

"கெடக்குது."

"டீசலையும் கூட்டிக்கிட்டு கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வாங்களேன். உங்களுக்கும் ஒரு மாத்தமா இருக்கும்."

சம்பந்தியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "யம்மா, நீ சும்மா இரு. எல்லாம் முடிவாவட்டும்" என்று மாப்பிள்ளை அடக்கினார். ரஞ்சிதா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா சோற்றைப் பிசைந்தபடி தனக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று எனக்குத் தெரியும் கண்ணு. கம்பெனியில் எத்தனை பேரைக் கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிடுகிறோம் என்று அனுப்பியிருக்கிறார்கள். தீவன மூட்டைகளும் கட்டிலும் கண் முன்னால் வந்து நின்றன. "இன்னிக்கு எங்கியாச்சும் போறீங்களா அண்ணி?" அதைவிட, டீசலை நினைத்தேன். பேரிகையில் தெருநாய்கள் பொல்லாதவை. கறியும் கருவாடும் தின்று வளர்ந்த நாய் அங்கே என்ன செய்யும்? அதை யாராவது யோசித்தார்களா? நான் ஒருத்திதான் யோசித்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை. டீசலை நடக்கக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். மகளும் மாப்பிள்ளையும் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதாவும் மாமியாரும் சமையலறையில் என்னவோ குசுகுசுவென்று பேசி, என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். மகளும் மாப்பிள்ளையும் போன பிறகு சம்பந்தியம்மா, "மதினி, இன்னிக்குக் காப்பி நான் போடுதேன், நீங்க தரைய முடிச்சிட்டு வாங்க" என்றார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

நான் வழக்கம்போல வைப்பரால் மயிரை இழுத்தேன். மூலையில் சேர்ந்ததை அள்ளிப் போட்டேன். தட்டை மாப்பு சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. அதை எடுக்கவில்லை. பின்பக்கம் போய், நாயைக் குளிப்பாட்டுகிற இடத்தைக் கழுவ வைத்திருந்த பழைய நூல் மாப்பை எடுத்தேன். வாளியில் முக்கினேன். பிழியவில்லை. அன்றைக்கு வாசனைத் தண்ணீரை மூடியால் அளக்கவும் இல்லை.

சமையலறை வாசலிலிருந்து என் அறை வாசல் வரை துடைத்துக்கொண்டே பின்னால் வந்தேன். துடைப்பது எப்போதும் அப்படித்தான், பின்னால் நடந்துகொண்டே. கல் ஜொலித்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் குளம் மாதிரி விழுந்திருந்தது. இவ்வளவு அழகாக அந்தத் தரையை நான் பார்த்ததில்லை. பலகை பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் இருந்தது. அதை எடுத்து வரப் போகவில்லை. இதைத்தான் நான் செய்தேன். பலகையை எடுத்து வரவில்லை.

டீசல் வாசலில் நின்றது. உள்ளே வரவில்லை. அதற்குப் பலகை வேண்டியிருக்கவில்லை, மூக்கு இருந்தது. சம்பந்தியம்மா இரண்டு கையிலும் டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்தார். நாய் அவரைப் பார்த்து ஒரு மாதிரி முனகியது, அப்புறம் குரைத்தது.

அவர் நின்று ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். பலகையைத் தேடினார்.

"ஏல டீசலு, அங்ஙன நின்னுக்கிட்டு என்னல கொலைக்க? பலகதான் இல்லல்லா. வால" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "மதினி, ஒரு சேதி" என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைத்தார்.

நில்லுங்க என்று ஒரு சொல் போதும். அது என் வாய் வரை வந்தது. சூடான சோற்றை விழுங்குவது மாதிரி விழுங்கினேன்.

நான் தள்ளவில்லை கண்ணு. விரல்கூடப் படவில்லை. இந்த அறை வாசலில், இதோ இந்த இடத்தில்தான் நின்றிருந்தேன். சமையலறை வாசற்படியில் கிரானைட் ஓரம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். பின்தலை அதில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. டம்ளர்கள் உருண்ட சத்தம்தான் வெகுநேரம் கேட்டது.

மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது. கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது.

"பலக இல்லையே மதினி" என்றார்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தான் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"இருக்குதுங்க சம்பந்தியம்மா. தோ எடுத்தாறேன்" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். முதலில் நூல் மாப்பைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். வாளித் தண்ணீரைக் கொட்டினேன். நல்ல தண்ணீர் பிடித்துத் தட்டை மாப்பால் ஹாலைத் துடைத்தேன். வாசனை போகிறவரை திரும்பத் திரும்பத் துடைத்தேன். சிந்திய காப்பியைத் துடைத்தேன். அவரைச் சுற்றிக் கவனமாகத் துடைத்தேன், அவர் மேல் மாப்புப் படாமல். அப்புறம் பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கீல் உடைந்தது இல்லையா, நிற்காமல் இரண்டு முறை சாய்ந்தது. சுவரோடு சேர்த்து நிறுத்தினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் ஏதோ சொன்னார். பிறகு சொல்லவில்லை. மாப்புத் துணியைக் கழற்றி, அலசி, கொடியில் போட்டுவிட்டு வந்துதான் போனை எடுத்தேன்.

மாப்பிள்ளை ஓடி வந்தார். செருப்பைக் கழற்றினபடி ஹாலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கம்பெனி ஆள் இல்லையா. முதல் கேள்வி அதுதான்.

"அத்தை, போர்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு மாப்ள. தோ நிக்குது பாருங்க."

நின்றுகொண்டிருந்தது. அதில் அந்த ஆள் கை விரிய விழுந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளை அதைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து, "பாக்காம வந்துட்டியேம்மா, பாக்காம வந்துட்டியே" என்று அழுதார். சம்பந்தியம்மாவுக்கு அப்போதும் காது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்தது.

ஆம்புலன்சில் நானும் ஏறினேன். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஹைவேயில் வழக்கம்போல லாரிகள் நகரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்" என்றார். எல்லோரும் டிராஃபிக்கைத் திட்டினார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

தெற்கேயிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். "போர்டு வச்சிருந்திருக்காவ, இவதான் பராக்குப் பாத்துக்கிட்டு நடந்துட்டா" என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மாப்பிள்ளை இப்போதும் சில நேரம் அம்மா போட்டோவுக்கு முன்னால் நின்று, "ஒரு நிமிசம் பலகயப் பாத்திருக்கலாம்லம்மா" என்கிறார். நான்தான் அவரைத் தேற்றுகிறேன். "அவங்களுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல் மாப்ள. அவங்க மேல தப்பு இல்ல" என்று சொல்கிறேன். அது உண்மைதானே. அவர் மேல் தப்பு இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, ரஞ்சிதா என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள்.

"ம்மா, அத்தையும் உன்கூடப் பேரிகைக்கு வர்றதா இருந்தாங்கம்மா. ஓனரு இந்த ஹால்ல வழுக்காத டைல்ஸ் போட்டுத் தரேன்னாரு. உன் மாப்ளதான் அவரு அம்மாவுக்காக ஓனரக் கேட்டு நச்சரிச்சிக்கினு இருந்தாரு. கல்லு உடைக்கிற தூசி உங்களுக்கும் டீசலுக்கும் ஆவாது, ரெண்டு பேரும் சேந்து ஊருக்குப் போய் இருக்கட்டும்னு சொன்னோம். ஓனரு மாட்டேன்னுட்டா ஏமாந்துருவீங்கன்னுதான் மொதல்லயே சொல்லல. அன்னிக்குக் காலைலதான் போன் பண்ணாரு. நான் அம்மாகிட்ட சொல்லிடறேன்னேன். 'நீ சொல்லாத, நானே மதினிக்குக் காப்பி போட்டுக் குடுத்துச் சொல்லுதேன்'னாங்க."

அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். தடவுவதை நிறுத்தவில்லை.

இதற்கு நான் என்ன செய்ய முடியும் கண்ணு? ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் தெரியும்படிப் பேச வேண்டும். மறைத்து மறைத்துப் பேசினால் நினைக்கிறவள் நினைக்கத்தான் செய்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து உன் நாய்க்குட்டிக்கு ஏதாவது பெயர் வைத்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. டைல்ஸ் போட்டுவிட்டார். நீ உட்கார்ந்திருக்கிறாயே, தடவிப் பார், சொரசொரவென்று இருக்கிறதா? வழுக்கவே வழுக்காது. ஆனால் நாய் மயிர் இதன் சின்னச் சின்னப் பள்ளங்களில் மாட்டிக்கொள்கிறது. தட்டை மாப்பு இதற்கு ஆகவில்லை, சுற்றிப் பிழிகிற மாப்பு வாங்கியிருக்கிறேன். மயிரும் இப்போது அவ்வளவு இல்லை. டீசல் அன்றையிலிருந்து ஹாலில் கால் வைப்பதில்லை. பலகை நின்றாலும் வைப்பதில்லை, இல்லாவிட்டாலும் வைப்பதில்லை, சுக்காகக் காய்ந்து கிடந்தாலும் வைப்பதில்லை. மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தால் அவர் சட்டையைக் கவ்விக்கொண்டு நடுங்குகிறது. நான் சோறு வைத்தால், நான் உள்ளே போன பிறகுதான் வந்து சாப்பிடுகிறது. வயதாகிவிட்டது அதற்கு. மறதியும் வந்திருக்கும்.

பேரிகைப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. சாவியை மாப்பிள்ளையே ஆணியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். இப்போது என்னை அத்தை என்று கூப்பிடுவதில்லை, அம்மா என்கிறார்.

ஏன் கண்ணு, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போகிறது? கதை என்றுதானே சொன்னேன். நீ யாரிடமும் சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். சொன்னாலும் அவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்றுதான் உனக்குத் தெரியுமே. போர்டு இருந்தது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். கால் தவறி நடந்தது இல்லை அது. எந்த மாப்பு எவ்வளவு ஈரம் விடும் என்று தெரிந்தவள் நான், தெரிந்தேதான் எடுத்தேன். யார் நடந்து வருவார், எதைப் பார்த்துவிட்டு நடப்பார் என்றும் தெரியும். கொன்றது நான்தான். ஆனால் எனக்காகச் செய்யவில்லை கண்ணு. அந்த வாயில்லாத ஜீவனைப் பேரிகையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களே என்று, அதற்காகத்தான் செய்தேன். அதோ, நான் பேசுகிறேன் என்று தெரிந்ததும் எழுந்து வெளிக் கேட் பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறது பார்.

சரி, இருட்டுவதற்குள் கடைக்குப் போ. மாடியில் உனக்குக் கறுப்புக் கல்தானே, தட்டை மாப்பே வாங்கு அனுப்ரியா. நன்றாகப் பிழி. வாசனைத் தண்ணீரை மூடியால் அள. தீபாவளிக்கு உன் மாமியார் வருகிறார் என்றாயே, அவருக்கும் சர்க்கரை என்றுதானே சொன்னாய்? அந்த மூலையில் நிற்கிற பலகையை எடுத்துக்கொண்டு போ. கீல்தான் சரியில்லை, சுவரோடு சேர்த்து வைத்தால் நிற்கும். எனக்கு இனிமேல் அது வேண்டாம்.

உன் வீட்டுத் தரை எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும் கண்ணு. உன் வீட்டில் இரண்டு டம்ளரோடு வருகிறவர்கள் இரண்டு டம்ளரோடும் வந்து சேரட்டும். உன் குடும்பத்தில் யாரும் யாரையும் ஊருக்குப் போய் இரு என்று சொல்லாதிருக்கட்டும். நன்றாக இருப்பாய். பார்த்துப் போ, அந்தப் படியில் காலையில் தண்ணீர் ஊற்றினேன்.